கொட்டகைக் காலம் – 14: டாக்டர் சொன்னதை நம்பாத ஊர்

2005 ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணு. ஒரே நாளில் மூன்று பெரிய படங்கள்: கமலின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’, விஜய்யின் ‘சச்சின்’, ரஜினியின் ‘சந்திரமுகி’. 2002இல் ‘பாபா’ கவிழ்ந்த பிறகு ரஜினி படமே வரவில்லை என்பதால் ரசிகர்கள் காய்ந்துபோயிருந்தார்கள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தான். ரஜினி படம் என்றால் கல்வராயன் மலையிலிருந்தும் ஆட்கள் கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருவார்கள். இரவு ஆட்டம் விட்டதும் வெள்ளிமலைக்கு ஏற வண்டி ஏது? பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுத்து, விடிந்ததும் கிளம்பவேண்டியதுதான். அந்த இடைப்பட்ட நேரத்தில் அங்கே நடந்த விமர்சனக் கூட்டங்களுக்கு ஈடாக எந்தப் பத்திரிகை விமர்சனத்தையும் நான் படித்ததில்லை.

‘சந்திரமுகி’ ரீமேக் என்பது ஊரறிந்த விஷயம். மூலம், ஃபாசில் இயக்கி 1993 கிறிஸ்துமஸுக்கு வந்த ‘மணிச்சித்ரதாழ்’. கதை மது முட்டம் எழுதியது. ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். அதன் சில காட்சிகள் எடுக்கப்பட்டது நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில். பி. வாசு அதை முதலில் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக 2004இல் எடுத்தார். விஷ்ணுவர்தன், சௌந்தர்யா நடித்தது. படம் வெளிவரும் முன்பே சௌந்தர்யா விமான விபத்தில் இறந்துபோனார். அதற்கடுத்த வருஷமே தமிழில் வந்தது.

மலையாளம் பார்த்தவர்களுக்குக் கோபம் இருந்தது. கேரளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், “அதுல மோகன்லால் பாதிப் படத்துக்கு அப்புறம்தாண்ணே வருவாரு. இங்க தலைவரு முதல் சீன்லயே சண்டை போடறாரு” என்று நொந்துகொண்டார். சரியான புகார்தான். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் சந்தேகம் ஏறுகிற அந்த நிதானம் தமிழில் இல்லை. ஆனால் அவருக்குச் சுற்றியிருந்தவர்கள் கொடுத்த மரியாதை ஒரு சிரிப்புதான். எனக்கு இன்னொன்று வேடிக்கையாகப் பட்டது. மலையாளத்துப் பேய் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறவள். தமிழுக்கு வந்ததும் அவள் தெலுங்கு பேசுகிறாள். இந்தியில் 2007இல் ‘பூல் புலையா’ வந்தபோது வங்காளி ஆகிவிட்டாள். பேய் என்றால் எப்போதும் அடுத்த வீட்டுக்காரிதான் போல!

ரீமேக் என்பதற்காக எங்கள் பக்கத்தில் யாரும் முகம் சுளிக்காததற்குக் காரணம் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. துகிலுரிதலில் என்ன நடக்கும் என்று தெரியாமல் யாரும் பாய் எடுத்துக்கொண்டு போவதில்லை. இந்த வருஷத் துச்சாதனன் எப்படி, அவ்வளவுதான் கேள்வி. வேஷம் கட்டியவருக்கு ஆவேசம் வந்து நாலு பேர் இழுத்துப் பிடிப்பதையும் பார்த்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஜோதிகா மை தீட்டி, சலங்கை கட்டிக்கொண்டு வந்து நின்றால்? பால்கனியில் விசில், முன் வரிசையில் கூச்சல். பெண்கள் பக்கம் மட்டும் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் படம் சொல்லவந்தது வேறு. பேய் என்று எதுவும் இல்லை. ஜோதிகாவின் கங்காவுக்கு இருப்பது, தன்னையே சந்திரமுகியாக நினைத்துக்கொள்ளும் மனநோய். ரஜினியின் சரவணன் மனநல மருத்துவர். சாமியாரும் டாக்டரும் சேர்ந்து, அவள் பழிவாங்கத் துடிக்கும் வேட்டையன் ராஜாவைக் கொல்வதுபோல ஒரு நாடகம் நடத்தி, ஆளுக்குப் பதில் பொம்மையை மாற்றிவைத்து அவளைக் குணப்படுத்துகிறார்கள். இதை ரஜினி நிறுத்தி நிதானமாக விளக்கவும் செய்கிறார். ஊர் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. கொஞ்சம் தள்ளியிருக்கும் மேல்மலையனூரில் அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சலைப் பார்க்கப் போகிறவர்களில், தலைவிரித்து ஆடும் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் தாய்மார்களும் உண்டு. அவர்களிடம் ஒரு படம் ‘பேய் இல்லை’ என்று சொல்லி முடித்துவிட முடியாது. இந்தப் படத்துக்கு நாலு வருஷம் முன்னால்தான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் பலர். பேயா நோயா என்பது இங்கே பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. பூசாரியையும் டாக்டரையும் சண்டை போடவிடாமல் ஒரே பக்கம் நிறுத்தியதை, மூலக்கதையின் ஆகப்பெரிய கெட்டிக்காரத்தனமாக நான் நினைக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு விவாதத்தில் டாக்டர் கட்சியை அன்றைக்குத் தோற்கடித்தது பாம்பு. பங்களாவுக்குள் அத்தனை பெரிய பாம்பு நெளிகிறதே, அது எதற்கு? படம் வாயே திறக்கவில்லை. மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு விசாரித்தார்: “தம்பி, அந்தப் பொண்ணுக்கு மண்டையில கோளாறுன்னே வச்சுக்குவோம். பாம்புக்கும் மண்டையில கோளாறா?” பதில் சொல்ல ஆள் இல்லை. மலையாளத்தில் இந்தப் பாம்பு கிடையாது. கதையில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்து, டாக்டர் கட்டிய கோட்டைக்கு வாசுவே பின்வாசல் வைத்துவிட்டார். அந்த வழியாகத்தான் ஊர் மொத்தமும் உள்ளே போனது. பின்னாளில் எங்கள் வீட்டில் செல்போனில் ‘மணிச்சித்ரதாழ்’ ஓடியபோது, கொஞ்ச நேரம் பார்த்த சித்தப்பா, “பாம்பை வெட்டிட்டானுங்களா?” என்றார். அவருக்கு மூலம் சந்திரமுகிதான்.

சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பையன்கள் ‘லகலகலக’ என்று திரிந்தது எல்லாம் எல்லா ஊருக்கும் பொது. அதை விடலாம்.

2023 செப்டம்பர் 28இல் ‘சந்திரமுகி 2’ வந்தது. அதே வாசு, அதே வடிவேலு. ரஜினி இடத்தில் ராகவா லாரன்ஸ், ஜோதிகா இடத்தில் கங்கனா ரணாவத். இந்தத் தடவை ஒளிவுமறைவு இல்லை, நிஜமாகவே ஆவி. 18 வருஷமாகக் கள்ளக்குறிச்சி அடம்பிடித்துக் கேட்டது கைக்கு வந்துவிட்டது. கொட்டகையில் பாதிக்கு மேல் காலி. ‘காஞ்சனா’ வரிசையில் லாரன்ஸ் மேல் ஏறாத ஆவி இல்லை என்பதால், இதில் ஆவி வந்தபோது யாரும் நிமிர்ந்துகூட உட்காரவில்லை. இடைவேளையில் பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பையனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “பேய் இருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்கண்ணா. வெளிய போய் எதை வச்சு சண்டை போடறது?” என்றவன், முட்டை போண்டா வாங்கப் போனான். படம் மறுபடி ஆரம்பித்த பிறகும் அவன் சீட்டில் ஆள் இல்லை.

(தொடரும்)