உங்களுக்குத் தெரியுமா? ஒரே புழு, இரண்டு வேகம்

பி.டி. பருத்தியின் நஞ்சை இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்தியாவில் ஆறே ஆண்டுகளில் வென்றுவிட்டது! அமெரிக்காவில் அதே புழு, அதே நஞ்சிடம் இருபது ஆண்டுகளாகியும் தோற்றுக்கொண்டே இருந்தது.

● இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002இல். குஜராத்தின் அம்ரேலியில் 2008 பருவத்துப் புழுக்கள் நஞ்சைத் தின்றும் பிழைத்தன.

● காரணம் மரபணுப் பிறழ்வு. நஞ்சு புழுவின் குடலில் உள்ள 'கேட்ஹெரின்' என்ற புரதத்தில் ஒட்டினால்தான் கொல்லும். அந்தப் புரதத்துக்கான மரபணு சிதைந்தால் நஞ்சுக்குப் பிடிமானம் இல்லை. 2014இல் வெளியான ஆய்வு, இந்தியப் புழுக்களில் இந்த ஒரே மரபணு எட்டு வெவ்வேறு வகைகளில் சிதைந்திருப்பதைக் காட்டியது. ஒரு வழி அல்ல, எட்டு வழிகள்!

● பிறழ்வு மட்டும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. சிதைந்த மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் புழு தப்பும். அமெரிக்காவின் அரிசோனாவில் பி.டி. பருத்திக்குப் பக்கத்திலேயே சாதாரணப் பருத்தியும் விளைந்தது. அதில் வளர்ந்த அந்துப்பூச்சிகளோடு கலந்ததால் எதிர்ப்பு பரவவில்லை. பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளும் விடப்பட்டன. 2018இல் அந்நாட்டுப் பருத்தி வயல்களிலிருந்து புழு ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. நம் வயல்களில் சாதாரண விதையைத் தனியே விதைத்தவர்கள் மிகக் குறைவு.

● நாரணாபுரம், சாத்தூர் பக்கத்துக் கரிசல் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பருத்திமாரிலும் அதில் தங்கிய காய்களிலும் புழு அடுத்த பருவம்வரை உயிரோடிருக்கும். கடைசி எடுப்பு முடிந்ததும் மாரைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். காட்டோரம் குவித்து வைக்காதீர்கள்.