பத்துக்குப் பத்து அறையும் பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கரும்

தென்காசிப் பக்கத்துக் கோயில் கொடையில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் நாலு வயலைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் பாடும். அதற்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பல நேரம் 30, 40 வாட்தான். கடையில் விற்கும் ஹோம் தியேட்டர் பெட்டியிலோ 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்தால் அடுத்த தெருவைத் தாண்டாது. கொடுத்த மின்சாரத்தில் எத்தனை பங்கை ஸ்பீக்கர் ஒலியாக மாற்றுகிறது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

அதைக் காட்டும் எண்ணுக்கு சென்சிடிவிட்டி என்று பெயர். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே கணக்கு. வீட்டுக்கென்று விற்கும் சிறு பெட்டிகள் 85 முதல் 88 வரை இருக்கும். 95-ஐத் தாண்டினால் உயர் சென்சிடிவிட்டி என்பார்கள். ஹார்ன் வைத்தவை 100-ஐயும் தாண்டும். 3 டெசிபல் கூடினால் பாதி வாட் போதும். 10 கூடினால் பத்தில் ஒரு பங்கு போதும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, பாட்டின் உச்சத்தில் 100 டெசிபல் கேட்க வேண்டுமென்றால், 88 டெசிபல் ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 40 வாட் ஊட்ட வேண்டும். 98 டெசிபல் ஜோடிக்கு 4 வாட்டில் காரியம் முடியும்.

இங்கே ஒரு சின்னத் தந்திரம் உண்டு. சில கம்பெனிகள் 1 வாட் என்று சொல்லாமல் 2.83 வோல்ட் என்று போடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட்தான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதுவே 2 வாட். சும்மா கிடைத்த 3 டெசிபல். வாங்குமுன் ஓம் எத்தனை என்று பார்த்துவிட்டு, 4 என்றால் மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எல்லாரும் 100 டெசிபல் ஸ்பீக்கரையே செய்யலாமே? ஹாஃப்மன் விதி குறுக்கே நிற்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டுதான் கிடைக்கும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டைக் கேட்டதால், மூன்றாவதைக் கைவிட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரின் வாட்டைக் கூட்டினார்கள். பழைய சினிமாக் கொட்டகைக்கு அந்த வசதி இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் 20, 30 வாட் கொடுத்தாலே பெரிது. ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும். அதனால் 1945-ல் ஆல்டெக் கொண்டுவந்த ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ போன்றவை பீரோ உயரத்துக்கு வளர்ந்தன. உயர் சென்சிடிவிட்டி வேண்டும், பேஸும் வேண்டும் என்றால் நமக்கும் 12 அல்லது 15 இஞ்ச் வூஃபரும், பீரோவில் பாதி இடத்தை அடைக்கும் பெட்டியும்தான் வழி. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் 15 இஞ்ச் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் உண்டு. சத்தம் தாராளமாக வரும். ஆனால் அது கூட்டத்துக்குப் பேச்சும் பாட்டும் கேட்கச் செய்தது. 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் சோர்ந்துபோகும்.

இனி அறை. முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான், கடை அல்ல.

நம் ஊரில் கட்டுகிற புதுவீட்டில் படுக்கையறை பத்துக்குப் பத்து, கூரை உயரமும் பத்தடி. ஒலிக்கு இதைவிட மோசமான அறை கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அந்த இடைவெளியின் இரு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி மோதி மோதித் தேங்கிவிடும். பத்தடிக்கு அது ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று தேக்கமும் ஒரே இடத்தில் வந்து குவியும். பேஸ் கிதாரில் 55-லிருந்து 58 வரை விழும் சுரம் வரும்போது மட்டும் அறை முழங்கும். அடுத்த சுரம் காணாமல் போகும். இளையராஜாவின் பேஸ் கிதாரை இப்படி ஒற்றைச் சுரமாகக் கேட்பதைவிட ஹெட்போன் மாட்டிக்கொள்வது மேல். இந்த அறையில் 15 இஞ்ச் ஸ்பீக்கரை வைப்பது வீண்செலவு. பெரிய ஹார்ன் பெட்டியில் வூஃபரின் ஒலியும் ஹார்னின் ஒலியும் ஒன்றாகச் சேரவே 3 மீட்டர் தூரம் வேண்டும். பத்தடி அறையில் அந்தத் தூரமே இல்லை. இங்கே 8 இஞ்ச் ஃபுல்ரேஞ்ச் டிரைவர், 93 டெசிபல் அளவில், போதும். பத்துக்கு இருபது தார்சாவுக்கும் இதே வியாதி உண்டு. ஒன்று மற்றொன்றின் இரட்டிப்பு என்பதால் தேக்கம் திரும்பவும் 57-ல் வந்து நிற்கும்.

பன்னிரண்டுக்குப் பதினாறு ஹால் என்றால் தேக்கம் 36, 48, 57 என்று பிரிந்துவிடும். அங்கே பெரிய ஸ்பீக்கரை நம்பி வாங்கலாம். தேக்கு உத்திரமும் கட்டை அடுக்கிய மச்சும் உள்ள பழைய வீட்டுப் பட்டாசல் அதைவிட நல்லது: கட்டைகள் ஒலியைச் சிதறடிக்கும். ஓட்டுக்கூரை வீட்டில் பேஸ் ஓட்டின் வழியே வெளியே கசிந்துவிடுவதால் முழக்கம் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஆனால் டைல்ஸ் தரையும் பூச்சுச் சுவரும் உள்ள ஹாலுக்கு எதிரொலி என்ற வேறொரு தொல்லை இருக்கிறது. 1895-ல் ஹார்வர்டில் வாலஸ் சபின் ஒரு விரிவுரை அரங்கில் மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எடுத்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல்: வெளியே போன ஒலி திரும்பி வராது. அவர் சூத்திரத்தில் நம் ஹாலைப் போட்டுப் பார்த்தால், காலியாக இருக்கும்போது ஒலி அடங்க 4 விநாடி அளவுக்கு ஆகும். பாட்டுக் கேட்க அரை விநாடி போதும். நாலுக்கு நாலடி ஜன்னலைத் திறந்தால், அந்த அறையின் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து விழுங்குவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அந்த ஒரே ஜன்னல் விழுங்கிவிடும். தென்மேற்குக் காற்று வீசும் சீசனில் ஜன்னலைத் திறந்துவைத்தே பழகிய குற்றாலத்து வீடுகளுக்கு இது காசில்லாத சிகிச்சை. மற்ற மாதங்களில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோடு சாய்த்துவையுங்கள். பாய் மெல்லியது, அவ்வளவாகப் பயன்படாது.

கடினமான அறைக்கு ஹார்ன் ஸ்பீக்கர் பொருந்துவதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கர் நாலாபக்கமும் ஒலியை இறைக்கும். ஹார்ன், டார்ச் வெளிச்சம்போல, காட்டிய திசையில் பாய்ச்சும். சுவரில் பட்டுத் திரும்பும் பங்கு குறைவதால் பாடகரின் குரல் தெளிகிறது. என்னைக் கேட்டால், டைல்ஸ் ஹாலில் உயர் சென்சிடிவிட்டி ஸ்பீக்கரின் பெரிய லாபம் சத்தத்தில் இல்லை, இந்தத் தெளிவில்தான்.

வைக்கும் முறைக்கு வருவோம். பதினாறடி ஹாலில் பன்னிரண்டடிச் சுவரோரம் இரண்டையும் ஏழெட்டடி இடைவெளியில் வையுங்கள். நீங்கள் எதிர்ச் சுவரை ஒட்டி உட்காராமல் நாலைந்தடி முன்னால் வாருங்கள். ஹாலின் நட்டநடுவும் ஆகாது. அங்கே சில பேஸ் சுரங்கள் வற்றிவிடும். சுவரும் தரையும் சேருமிடத்தில் பேஸ் கூடும், மூலையில் இன்னும் கூடும். 1946-ல் கம்பெனி தொடங்கிய பால் கிளிப்ஷ், சுவர்களையே ஹார்னின் தொடர்ச்சியாக்கித் தன் கிளிப்ஷ்ஹார்னை மூலைக்கென்றே செய்தார். நம் ஹாலில் ஒரு மூலையில் அடுக்களை வாசலும் மறு மூலையில் பூஜை அலமாரியும் இருக்கும். அங்கே அது எடுபடாது. இடதும் வலதும் ஒரே மாதிரியான சுவர்ப்பரப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே வையுங்கள், டிவி வேறு சுவருக்குப் போனாலும் பரவாயில்லை. பெட்டிக்கடியில் சாக்கு விரித்துக்கொண்டால் டைல்ஸில் இழுத்து இழுத்துப் பார்க்கலாம். அரையடி நகர்த்தினாலே பேஸ் மாறும். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து கேட்பதாக இருந்தால், ஹார்ன் இரண்டையும் உள்பக்கமாக நன்றாகத் திருப்பி, அவை நோக்கும் கோடுகள் உங்களுக்கு ஓரடி முன்னால் ஒன்றையொன்று வெட்டுமாறு வையுங்கள். ஓரத்தில் இருப்பவர் பக்கத்து ஸ்பீக்கரின் பாய்ச்சலுக்கு வெளியே இருப்பார். தூரத்து ஸ்பீக்கர் அவரை நேராகப் பார்க்கும். ஒலி ஒருபக்கமாகச் சாயாது.

தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படம் எனப் பரவலாகச் சொல்லப்படும் ‘பிரியா’ வந்தது 1978-ல். உங்கள் ரசனை அதற்கு முந்திய காலத்தோடு நின்றுவிட்டால், ஒரே ஒரு நல்ல பெரிய ஸ்பீக்கர் வாங்கி மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பணம் மிச்சம்.

சாரலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேற்கு ஜன்னலோரம் வைத்தால் காகிதக் கோனில் ஈரம் ஏறும், முகப்புத் துணியில் பூசணம் பூக்கும். மேற்குச் சுவரே ஓதம் ஏறிக் கிடக்கும் வீட்டில் பெட்டியைக் கிழக்குச் சுவரோரம் கொண்டுபோங்கள். பெட்டி செய்யத் தச்சரிடம் கொடுத்தால் பார்ட்டிக்கிள் போர்டு வேண்டாம், அது ஈரத்தில் உப்பும்; தண்ணீர் தாங்கும் பிளைவுட் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஆம்ப்ளிஃபயர். 88 டெசிபல் ஸ்பீக்கரில் காதுக்கு எட்டாத இரைச்சலும் ஹம்மும் 98-ல் 10 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். ஃபேன் ஓடும் பகலில் தெரியாது. இரவில் அதை நிறுத்தினால் எரிச்சலூட்டும். வால்யூம் திருகை லேசாகத் தொட்டதுமே அலறும் ஆம்ப்ளிஃபயரும் இந்த ஸ்பீக்கருக்கு ஒத்துவராது. கடைக்காரரிடம் பாட்டை நிறுத்தச் சொல்லி, வால்யூமை நீங்கள் வழக்கமாக வைக்கும் இடத்தில் விட்டு, ஹார்னிலிருந்து இரண்டடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.