குதிரை விற்ற பணமும் ரேடியோ விற்ற பணமும்

வைகை அணைக்குப் போயிருக்கிறீர்களா? கட்டுச் சாதத்தோடும் குழந்தை குட்டிகளோடும் போய்ப் பூங்காவில் உட்கார்ந்தால் பகல் போவதே தெரியாது. 111 அடி உயரமுள்ள அந்த அணையை 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். ஆனால் அதைக் கட்டிய கூலிக்காரர்களின் பெயர்கள் யாருக்குத் தெரியும்? ஒருவர் பெயர் மட்டும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேலே படிக்கப் பணமில்லாமல் அங்கே கூலி வேலைக்கு வந்த பண்ணைப்புரத்துச் சிறுவன் ராசையா. ஆமாம், இளையராஜாவேதான்!

இசையமைப்பாளர் ராஜாவை எல்லோரும் அறிவோம். கிதார் வாசித்துப் பிழைத்த ராஜாவை அறிந்தவர்கள் குறைவு. இங்கே சொல்லப் போவது அந்த ராஜாவைப் பற்றித்தான்.

1943-இல் பிறந்த ராசையா, தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று கட்சி மேடைகளில் பாடியும் ஆர்மோனியம் வாசித்தும் வளர்ந்தவர். சினிமாவில் சேரச் சென்னைக்குப் போகவேண்டும் என்று பிள்ளைகள் துடித்தபோது, தாயார் சின்னத்தாயம்மாள் என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, பணத்தை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். இதை ராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த மாதிரி ஒரு வியாபாரம் அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. மிசிசிப்பி நதிப் பக்கத்துப் பருத்திக் காடுகளில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த நீக்ரோ மக்கள் பாடிய துயரப் பாட்டுக்கு 'ப்ளூஸ்' என்று பெயர். அதற்கு உற்ற துணை கிதார். அங்கே பாட்டி வளர்த்த பிள்ளை ஒருவர், 17-ஆம் வயதில் வீட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குதிரையைச் சுமார் 15 டாலருக்கு விற்றார். பாதியைப் பாட்டியிடம் கொடுத்தார். தம் பங்கில் இரண்டரை டாலருக்கு ஒரு பழைய கிதார் வாங்கினார். மட்டி வாட்டர்ஸ் என்று பின்னால் உலகம் கொண்டாடியவர் அவர்தான். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவர், வாசிப்பை நம்பிச் சிகாகோவுக்கு ரயிலேறியது 1943-இல். பண்ணைப்புரத்தில் ராசையா பிறந்த அதே வருஷம்!

நம் ராஜா சென்னைக்கு வந்தது 1968-இல். அப்போது வயது 25. அந்த வயதில் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராகச் சேர்ந்து, ஐந்து கோட்டில் எழுதும் மேல்நாட்டு இசைக் குறிப்பை அரிச்சுவடியிலிருந்து படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்தும் பரீட்சையைச் சென்னையிலிருந்தே எழுதி, கிதாரில் தங்கப் பதக்கம் பெற்றார்.

பிறகு ஸ்டூடியோக்களில் கிதார் வாசிக்கும் வேலை. சலில் சௌத்ரிக்கு வாசித்தார், ஜி. கே. வெங்கடேஷிடம் வாசித்து, உதவியாளராகவும் இருந்தார். அந்நாளில் பாடுகிறவரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். ஒருவர் விரல் தப்பினால் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சரியாக வாசித்தாலோ, பெயர் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் சம்பளம் மட்டும் வரும். அணைக்கட்டுக் கூலிக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லைதானே!

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. ரேடியோ விற்றுப்போன வீட்டுப் பிள்ளையின் பாட்டு எல்லார் வீட்டு ரேடியோவிலும் ஒலித்தது. அதன் பிறகு அவர் எழுதிக் கொடுத்த கிதாரை மற்றவர்கள் வாசித்தார்கள். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டைக் கேட்டுக் கிறங்காதவர் உண்டா? அதில் கிதார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அடுத்த முறை கேட்கும்போது அவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

குதிரை விற்ற வீட்டிலெல்லாம் ஒரு மட்டி வாட்டர்ஸும், ரேடியோ விற்ற வீட்டிலெல்லாம் ஓர் இளையராஜாவும் தோன்றிவிடுவதில்லை. அது சின்னத்தாயம்மாளுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? பலன் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்காதபோதே கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது அவர் பெருமை. உங்கள் வீட்டிலும் பரீட்சை நேரத்தில் வீணையோ கிதாரோ கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளை இருக்கலாம். "அதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்பதற்கு முன்னால், அந்த அம்மாளை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம் அல்லவா?

2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி ராஜா எழுதிய சிம்பொனி லண்டன் மாநகரில் அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 81. எந்த லண்டனிலிருந்து கேள்வித்தாள் வந்ததோ, அந்த லண்டன் விடையைக் கேட்டுக் கைதட்டியது. அதற்கு ஆன மூலதனம், ஒரு ரேடியோப் பெட்டி!