பத்து இரவு பாரதமும் ஆயிரத்தைந்நூறு எபிசோடு சீரியலும்

அருணாசலேசுவரர் கோயிலில் கார்த்திகைக் கொடி ஏறினால் ஏழாம் நாள் தேர், பத்தாம் நாள் மாலை மலை உச்சியில் தீபம். ஏற்றிய தீபம் பதினொரு நாள் எரியும். மலைக்கு அந்தப் பக்கம், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடும். அதே ஊரில் இரவு எட்டு மணிக்கு டிவி முன் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம், "இந்த சீரியல் எப்போது முடியும்?" என்று கேட்டால் பதில் இருக்காது. அதற்கு வசனம் எழுதுகிறவரைக் கேட்டாலும் இருக்காது.

ஒரு தொடர் எவ்வளவு நீளம் இருந்தால் சரி? இந்தக் கேள்விக்கு உலகமெங்கும் எண்ணில்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1950-களில் ஒரு சீசனுக்கு 39 எபிசோடு வரை எடுத்தார்கள். பிறகு அது 22, 24 என்று குறைந்தது. நூறு எபிசோடு தாண்டினால் மறு ஒளிபரப்பு உரிமையை நல்ல விலைக்கு விற்கலாம் என்பதால், நான்கைந்து சீசனாவது ஓடிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் குறியாக இருந்தது. பிரிட்டனில் ஒன்றிரண்டு பேரே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதும் வழக்கம் இருந்ததால் ஆறு எபிசோடே ஒரு சீசன். 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, ஆக மொத்தம் பன்னிரண்டோடு நின்றது. இன்றும் அதைப் பார்க்கிறார்கள். கொரியாவில் வாரம் இரண்டு வீதம் எட்டு வாரம், அதாவது பதினாறு.

நம் தூர்தர்ஷன் காலத்து எண் 13. வாரம் ஒன்று என்றால் மூன்று மாதம், ஆண்டில் கால்பங்கு. 13, 26, 52 என்று அந்த அளவிலேயே தொடர்களுக்கு அனுமதி கிடைத்தது. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 52 எபிசோடாகத் திட்டமிடப்பட்டு, மக்கள் வரவேற்பால் 78 வரை நீண்டது. 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலையில் முடிந்தது. அதையடுத்து வந்த பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 94 எபிசோடு.

இந்த எண்கள் எல்லாமே பணம் கட்டுகிறவரின் அல்லது எழுதுகிறவரின் வசதியிலிருந்து வந்தவை. கதையைக் கேட்டு யாரும் வைத்தது இல்லை. கதைக்கென்று ஓர் அளவு உண்டா என்று தெரிந்துகொள்ள, திருவண்ணாமலை மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களுக்குப் போகலாம்.

இங்கே அக்னி வசந்த விழா என்ற பெயரில் நடக்கும் பாரத விழாதான் என் அறிவில் தமிழ்நாட்டின் மிகக் கச்சிதமான தொடர்கதை. மதியம் பாரதப் பிரசங்கி வில்லிபுத்தூராரின் பாரதத்தை வைத்துக் கதை சொல்வார். இரவு பத்து மணிவாக்கில் கூத்து தொடங்கி விடியும்வரை நடக்கும். ஊரின் வசதியைப் பொறுத்துப் பத்து இரவும் உண்டு, பதினெட்டு, இருபது இரவும் உண்டு. வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று போய்ப் பதினெட்டாம் போரில் முடியும். மறுநாள் காலை படுகளம். தரையில் மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் தொடையில் அடி விழும், திரௌபதி கூந்தலை முடிவாள், மாலையில் தீமிதி.

இதில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று கவனியுங்கள். இரவுகளின் எண்ணிக்கை மாறும். பணம் குறைந்த ஊரில் கூத்து வாத்தியார் இரண்டு நாடகத்தைக் குறைப்பார். வசதியான ஊரில் சுபத்திரை கல்யாணத்தையும் விராட பர்வத்தையும் சேர்த்துக்கொள்வார். படுகளம் மட்டும் நகராது. எந்தத் தேதியில் எந்த நாடகம் என்று நோட்டீஸ் அடித்து, தீமிதி நாளையும் போட்டுவிட்டுத்தான் கொடியேற்றுகிறார்கள். வியாசரின் பாரதம் பதினெட்டுப் பர்வம். வில்லிபுத்தூரார் பத்துப் பர்வத்தில், போர் முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கூத்தும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. துகிலில் விரித்த கூந்தல் முடியப்பட்டதும் கேட்பவர்களின் மனது நிறைந்துவிடுகிறது என்பது கூத்துக்காரர்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இரவுக் கூத்து சுமார் எட்டு மணி நேரம். பத்து இரவுக்கு 80 மணி நேரம். அரைமணி சீரியலில் விளம்பரம், தலைப்புப் பாட்டு, முன்கதை போக மிஞ்சும் கதை ஏறக்குறைய 20 நிமிடம். அப்படியானால் பத்து இரவு பாரதம் 240 எபிசோடுக்குச் சமம். பதினெட்டு இரவு என்றால் 432. உலகத்தின் பெரிய கதைகளில் ஒன்றை, அத்தனை பாத்திரங்களோடு, பாட்டும் அடவும் கட்டியங்காரன் பேச்சுமாகச் சொல்லி முடிக்க இவ்வளவுதான் தேவைப்படுகிறது.

இனி சீரியல்களைப் பக்கத்தில் வையுங்கள். ராதிகாவின் 'சித்தி' 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பரில் முடிந்தபோது 467 எபிசோடு. பதினெட்டு இரவு பாரதத்தைவிடச் சற்றே நீளம். திருமுருகனின் 'மெட்டி ஒலி' 800-ஐத் தாண்டியது. திருச்செல்வத்தின் 'கோலங்கள்' 1,533. அது 2003 நவம்பரில் தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2009 டிசம்பரில் முடிந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்தது. 'சந்திரலேகா' 2014 முதல் 2022 வரை எட்டு ஆண்டு ஓடி இரண்டாயிரத்தையும் கடந்தது. 'கோலங்கள்' தொடரின் அபியும் ஆதியும் தமிழ்க் குடும்பங்களுக்குள் உறவுக்காரர்கள் மாதிரி புழங்கினார்கள் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாண்டவர் கதையைவிட மூன்று மடங்குக்கு மேல் நீண்ட குடும்பக் கதை எதைக் கொண்டு அந்த நேரத்தை நிரப்பும்? ஆள் கடத்தல், நினைவு மறத்தல், செத்ததாகச் சொன்னவர் திரும்பி வருதல், கல்யாண மண்டபத்தில் இரண்டு வாரம் கட்டாமல் கிடக்கும் தாலி. பார்ப்பவர்கள் "ஜவ்வு மாதிரி இழுக்கிறான்" என்று திட்டிக்கொண்டே பார்க்கிறார்கள்.

இழுப்பதற்குக் காரணம் எழுதுகிறவரின் சோம்பல் என்று நினைப்பது தவறு. தமிழ் சேனல்களில் பல ஆண்டுகள் நடந்த முறை இது: தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி ஓர் அரைமணி ஸ்லாட்டை எடுப்பார், அதற்குள் கிடைக்கும் விளம்பர நேரத்தை விற்றுச் செலவை எடுப்பார். புதிய தொடர் என்றால் முதல் சில மாதம் மக்கள் பழகும்வரை வருமானம் நிச்சயமில்லை. பழகிவிட்ட தொடருக்கு வீடு, செட், நடிகர், நேரம் எல்லாம் அமைந்திருக்கும். வாராவாரம் வரும் டிஆர்பி நன்றாக இருக்கும்போது அதை யார் முடிப்பார்கள்? எண் சரிந்தாலோ, இரண்டு வாரத்தில் சுபம் போட்டு விடச் சொல்வார்கள். ஆகவே நன்றாக ஓடும் கதைக்கு முடிவு கிடையாது, ஓடாத கதைக்கு உருப்படியான முடிவு கிடையாது. இரண்டிலும் கதையை நம்பி உட்கார்ந்தவர்தான் ஏமாறுகிறார். வாரம் ஆறு நாள், சில தொடர்கள் ஏழு நாள் என்று ஆகிவிட்ட பிறகு, யோசிக்கக்கூட நேரம் இல்லாமல் வசனம் படப்பிடிப்புத் தளத்துக்கு ஓடுகிறது.

நீளம் மனித உடலையும் சோதிக்கிறது. 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் தொடங்கியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மறைந்தார். அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான். ஆனால் அந்த வீட்டின் மூச்சே குணசேகரனின் குரலாக இருந்தது. 744 எபிசோடில், 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி வந்தது. 'அவருக்குப் பதில் இவர்' என்ற எழுத்தைத் திரையில் பார்த்துப் பழகிய தமிழ்ப் பார்வையாளருக்கு, ஆண்டுக்கணக்கில் ஓடும் கதையில் இது எவ்வளவு சாதாரணம் என்று தெரியும்.

சீசன் என்ற சொல்லும் நம்மிடம் வந்து வேறு பொருள் பெற்றுவிட்டது. 'சரவணன் மீனாட்சி' 2011 முதல் 2018 வரை மூன்று சீசன் வந்தது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2023 அக்டோபரில் முடிந்து அந்த மாதமே இரண்டாம் பாகம் தொடங்கியது. பெயர்ப் பலகை அதே, குடும்பம் புதிது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கதையை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்கலாம் என்ற துணிவு அதில் இருக்கிறது.

ஓடிடி வந்ததும் தமிழில் திடீரென எல்லாமே ஏழு, எட்டு ஆனது. 'நவம்பர் ஸ்டோரி' ஏழு, 'விலங்கு' ஏழு, 'வதந்தி' எட்டு, 'அயலி' எட்டு. இவற்றில் 'சுழல்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2022-இல் வந்த முதல் சீசன் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு கதையைக் கட்டியது. ஊருக்குத் திருவிழா முடியும் நாள் தெரியும், கதையும் அதற்குள் முடிந்தாக வேண்டும். பாரதக் கூத்தின் உத்தி அது. ஆனால் அடுத்த எட்டு எபிசோடுக்கு 2025 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் சீசனில் யார் யாரை என்ன செய்தார்கள் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். குட்டையான சீசனின் பலவீனம் இந்த இடைவெளிதான். குடும்பக் கதைக்கு எட்டு எபிசோடு போதவும் போதாது. ஒரு மருமகளின் மனமாற்றத்தை நம்ப வேண்டுமானால், அவளோடு பல மாதம் ஒரே சமையலறையில் இருந்த உணர்வு வேண்டும். தினசரித் தொடரின் நிஜமான சக்தி அதுவே.

எனவே என் தீர்ப்பு இது. துப்பறியும் கதைக்கு ஏழு முதல் பத்து. முடிச்சு ஒன்றுதான், அதற்குமேல் தாங்காது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்', 1990-களில் வாரம் ஒரு முறை வந்தும் இன்றுவரை நினைவில் நிற்பது, அதன் 'விடாது கருப்பு' பகுதி, கருப்பு யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நின்றதால். குடும்பத் தொடருக்கு 250 முதல் 400, அதாவது ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள். பத்து இரவுக்கும் பதினெட்டு இரவுக்கும் இடைப்பட்ட அளவு அது. 2024-இல் ஹாட்ஸ்டாரில் வந்த 'ஹார்ட் பீட்' வாரம் நான்கு வீதம் சரியாக நூறு எபிசோடில் முதல் சீசனை முடித்ததும் நல்ல அறிகுறி. எண் எதுவானாலும் அது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 'லாஸ்ட்' தொடர் தடுமாறத் தொடங்கியபோது, 2010-இல் முடியும் என்று 2007-லேயே அறிவித்தார்கள். எழுத்தாளர்களுக்கு அதன் பிறகே பாதை தெளிந்தது.

தொடர் சீக்கிரம் முடிந்தால் லைட்மேன், மேக்கப்மேன், துணை நடிகர் பிழைப்பு என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தினக்கூலியில் வாழ்கிறவர்கள் அவர்கள். கூத்துக் குழுக்களும் அப்படித்தான் வாழ்கின்றன. கோடையில் ஓர் ஊரில் படுகளம் முடிந்ததும் அடுத்த ஊருக்குக் கட்டைகளையும் மேளத்தையும் ஏற்றுகிறார்கள், ஆடி மாதம் வரை ஊர் ஊராகப் போகிறார்கள். அவர்களுக்குச் சோறு போடுவது முடிந்த பாரதங்களின் எண்ணிக்கை. ஒரே ஸ்லாட், ஒரே செட் வீடு, அதே தொழிலாளர்கள்: ஆறு ஆண்டில் ஒரு கதையை 1,500 எபிசோடு இழுக்கும் இடத்தில், 375 எபிசோடு வீதம் நான்கு கதை சொல்லலாம். வேலை நாள் ஒன்றுகூடக் குறையாது. நான்கு எழுத்தாளர்களுக்கு இடம் கிடைக்கும், அடி அண்ணாமலைப் பாட்டிக்கு நான்கு முடிவுகள் கிடைக்கும்.