பயபக்தி: காரைக்கால் அம்மையார் வரலாற்றின் வழியே ஒரு விளக்கம்

பயபக்தி என்பது இறைவன் முன் மனிதருக்கு உண்டாகும், அச்சமும் அன்பும் கலந்த மனநிலையைக் குறிக்கும் சொல். பயம், பக்தி என்னும் இரு வடசொற்கள் இணைந்து உருவானது. பேச்சு வழக்கில் ஒரு கடைக்காரரைச் 'சாமிக்குப் பயந்தவர்' என்று சொன்னால், யாரும் பார்க்காதபோதும் எடையைக் குறைக்காதவர் என்று பொருள். தமிழ்க் கிறித்தவர்கள் 'இறையச்சம்' என்பார்கள். கத்தோலிக்க மரபில் அது தூய ஆவியாரின் 7 கொடைகளில் ஒன்று. தமிழ் முசுலிம்கள் 'தக்வா' என்ற அரபுச் சொல்லையும் இறையச்சம் என்றே தமிழில் சொல்கிறார்கள்.

ஆனால் பயம் வந்தால் மனிதன் விலகி ஓடுகிறான். பக்தி வந்தால் நெருங்கிப் போகிறான். எதிரெதிரான இவ்விரண்டும் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன? இதை விளக்க நமது புதுச்சேரி மாநிலத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

அச்சமும் மருட்கையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் மருட்கையையும் தனித்தனியே வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர். மருட்கை என்னும் வியப்பு பிறக்கும் இடங்களில் புதுமையும் பெருமையும் அடங்கும். அணங்கு என்பது வருத்தும் தெய்வம். ஆகவே தெய்வத்தைக் கண்டு அஞ்சுவது தமிழ் இலக்கணத்துக்குப் பழைய செய்தி. செருமானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1917-இல் வெளியிட்ட நூலில், புனிதமானது மனிதனை நடுங்கவும் வைக்கிறது, தன்னிடம் ஈர்க்கவும் செய்கிறது என்று எழுதினார். அந்த நடுக்கமும் ஈர்ப்பும் காரைக்காலில் ஒரே வீட்டில் இருவரிடம் தோன்றின.

ஒரு வீடு, இரண்டு அச்சங்கள்

காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. வணிகர் தனதத்தனின் மகள். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனை மணந்து காரைக்காலிலேயே வாழ்ந்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இவர் கதையைச் சொல்கிறது.

கணவன் கடையிலிருந்து அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி படைத்துவிட்டார். மதியம் உண்ண வந்த பரமதத்தன் எஞ்சிய கனியைத் தின்று, மற்றதையும் கேட்டான். அவர் இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாக இருந்ததால், எங்கே கிடைத்தது என்று கணவன் கேட்டான். இறைவன் அருளியது என்று அவர் உண்மையைச் சொன்னார். அவன் நம்பவில்லை, இன்னொன்று வரவழைத்துக் காட்டச் சொன்னான். அதுவும் வந்தது. அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோனது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பரமதத்தன் அஞ்சினான். மனைவியைத் தெய்வம் என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் ஒதுங்கி வாழ்ந்தான். பிறகு வாணிகம் என்று கப்பலேறிப் போய், திரும்பி வந்து பாண்டி நாட்டு ஊர் ஒன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே வைத்தான். உறவினர்கள் புனிதவதியை அங்கே அழைத்துச் சென்றபோது, இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவர் காலில் விழுந்தான். அதைக் கண்டு அம்மையார் அச்சத்தோடு உறவினர் பக்கம் ஒதுங்கி நின்றதாகச் சேக்கிழார் சொல்கிறார்.

வகுப்பில் இக்கதையை நடத்தும்போதெல்லாம், பரமதத்தன் செய்தது தவறா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அவன் கெட்டவன் இல்லை. அவன் வணக்கம் பொய்யும் இல்லை. ஆனால் அவன் அச்சத்தில் நம்பிக்கை சேரவில்லை. அற்புதத்தைப் பார்த்தவன் அதை அருளியவரிடம் திரும்பாமல், கடல் தாண்டிப் போய்விட்டான். அந்த அச்சத்தின் விலையைக் கொடுத்தவர் புனிதவதி. தெய்வம் என்று சொல்லியே ஒரு பெண்ணைக் கைவிட முடியும் என்பதை இக்கதை மறைக்காமல் காட்டுகிறது என்பது என் கருத்து.

அம்மையாரின் அச்சம் வேறு வழியில் போகிறது. கணவனுக்காகத் தாங்கிய உடலழகை நீக்கிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சினார். அதற்காகத் திரும்பி வரவில்லை, தலையால் நடந்து மேலே போனார். இறைவன் 'அம்மையே' என்று அழைக்க, இவர் 'அப்பா' என்றார். மலையை மிதிக்க அஞ்சியவர் அதன் தலைவனை அப்பா என்று அழைத்த இந்த இடத்தில்தான் பயபக்தி என்ற சொல் முழுமை பெறுகிறது.

அவர் பாடல்களில்

அம்மையாரின் காலத்தைப் பொதுவாக 6-ஆம் நூற்றாண்டு என்பர். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, இரண்டு திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை அவர் இயற்றியவை. அவற்றில் மாங்கனிக் கதை இல்லை. அது சேக்கிழார் வழி நமக்குக் கிடைப்பது. தம்மைக் காரைக்கால் பேய் என்று அவரே பாடலில் குறிப்பிடுகிறார். சுந்தரரும் திருத்தொண்டத் தொகையில் 'பேயார்' என்றே சொல்கிறார்.

அந்தாதியின் தொடக்கத்தில், என் துன்பத்தை எப்போது தீர்ப்பாய் என்று இறைவனிடம் கேட்கிறார். அடுத்த பாட்டிலேயே, அவர் துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி காட்டாவிட்டாலும் என் அன்பு மாறாது என்கிறார். கேட்டது கிடைத்தால்தான் நம்புவேன் என்ற நிபந்தனை இங்கே இல்லை. மாங்கனியை வரவழைத்துக் காட்டச் சொன்ன கணவனின் பேச்சோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

விழாவும் திருவாலங்காடும்

காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சாண்டவர் வீதியுலாவின்போது மக்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள்; கீழே நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நான் வசிக்கும் தட்டாஞ்சாவடியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியே சுமார் 130 கிலோமீட்டர் பயணம். கூட்டத்தில் பழம் பிடிப்பது எளிதன்று. மாணவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்கலாம்.

அம்மையார் இறைவனின் நடனத்தைக் கண்டு தங்கிய தலம் திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருவாலங்காடு. ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை இங்கே உள்ளது. அவர் தலையால் நடந்த மண் என்பதால் இவ்வூரைக் காலால் மிதிக்க அஞ்சி, திருஞானசம்பந்தர் பக்கத்து ஊரிலேயே இரவு தங்கினார் என்கிறது பெரியபுராணம். அன்றிரவு இறைவன் கனவில் வந்து, எம்மைப் பாட மறந்தாயோ என்று கேட்டார். சம்பந்தர் எழுந்து அத்தலத்தின் மேல் பதிகம் பாடினார்.