விண்டோஸ் சேவையகங்களில் பின்னணிச் சேவைகளின் உள்நுழைவுத் தோல்வி: காரணங்களும் கண்டறியும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

விண்டோஸ் சேவையகங்களில் பின்னணிச் சேவைகள் கணக்கு உள்நுழைவுக் குறையால் தொடங்காமற்போவது உண்டு. காரணமான மாற்றம் நிகழும் காலமும் பிழை வெளிப்படும் காலமும் வேறுபடுவதே இதனைக் கண்டறிவதில் உள்ள முதன்மைச் சிக்கல் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சேவையகம், பின்னணிச் சேவை, சேவைக் கணக்கு, கடவுச்சொல், நிகழ்வுப் பதிவேடு

முன்னுரை

பயனர் எவரும் திரைமுன் அமராத நிலையிலும் இயங்கும் நிரலே பின்னணிச் சேவை. தரவுத்தளம், காப்புநகல், அச்சு வரிசை முதலியன இவ்வகையின. ஒவ்வொரு சேவையும் ஏதேனும் ஒரு கணக்கின் பெயரில்தான் இயங்கியாக வேண்டும். அக்கணக்கு லோக்கல் சிஸ்டம், நெட்வொர்க் சர்வீஸ் போன்று இயங்குதளமே அளிப்பதாயின் கடவுச்சொல் பற்றிய கவலை எழுவதில்லை. நிர்வாகி டொமைன் கணக்கொன்றை ஒதுக்கியிருந்தால், மனிதரைப் போலவே அச்சேவையும் கடவுச்சொல் தந்து உள்நுழைய வேண்டும். ஆனால் கடவுச்சொல் காலாவதியாகப் போகிறது என்னும் அறிவிப்பைப் படிக்க அங்கு ஆள் இல்லை.

காலந்தாழ்ந்து வெளிப்படும் பிழை

சேவை தொடங்கும்போது, சேவைக் கட்டுப்பாட்டு மேலாளர் அக்கணினியில் சேமித்துள்ள கடவுச்சொல்லைக் கொண்டு உள்நுழைகிறது. உள்நுழைவு வெற்றிபெற்றால் டோக்கன் எனப்படும் அனுமதிச் சான்று கிடைக்கிறது. சேவை நிற்கும்வரை அது நீடிக்கும். ஆதலால் டொமைனில் கடவுச்சொல் மாறினாலும் இயங்கிக்கொண்டிருக்கும் சேவை பெரும்பாலும் உடனே நிற்பதில்லை. வாரங்கள் கழித்து, மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகும் மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்பை நிறுவிச் சேவையகத்தை மறுதொடக்கம் செய்யும்போதுதான் பழைய கடவுச்சொல் மீண்டும் சோதனைக்கு வருகிறது, தரவுத்தளம் எழுவதில்லை. பழி புதுப்பிப்பின்மேல் விழுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பை நீக்கிவிட்டுப் பார்ப்பதும் நடக்கிறது. அதனால் பிழை தீர்வதில்லை. சேவையகத்தின் காப்பு மட்டும் குறைகிறது.

பதிவேட்டுச் சான்றுகள்

திரையில் தோன்றும் 1069 என்னும் பிழை எண், உள்நுழைவு தோற்றது என்பதற்குமேல் எதுவும் கூறுவதில்லை. கணினி நிகழ்வுப் பதிவேட்டின் 7000 ஆம் எண் நிகழ்வும் அவ்வாறே. அதனுடன் பதிவாகும் 7038 கணக்கின் பெயரையும் காரணத்தையும் தருவதால் அதையே முதலில் படிக்க வேண்டும். மாறாக 7041 பதிவாகியிருந்தால் கடவுச்சொல்லை ஆராய்வது வீண். அக்கணக்கிற்குச் 'சேவையாக உள்நுழையும் உரிமை' இல்லை என்பதே அதன் பொருள். தோல்விகளைப் பதிவுசெய்யும் தணிக்கை இயங்கினால், பாதுகாப்புப் பதிவேட்டில் 4625 ஆம் நிகழ்வு உள்நுழைவு வகை 5 எனக் குறிக்கப்பட்டிருக்கும். கடவுச்சொல் தவறா, கணக்கு பூட்டப்பட்டதா, முடக்கப்பட்டதா, காலாவதியானதா என்பதை அதன் துணைநிலைக் குறியீடு பிரித்துக் காட்டும்.

இருவகைத் தடுமாற்றங்கள்

சேவைகள் சாளரத்தில் கணக்கை மாற்றினால் மேற்கூறிய உரிமை தானாகவே சேர்க்கப்படுகிறது. கட்டளை வரியில் எஸ்சி கட்டளையால் மாற்றினால் சேர்க்கப்படுவதில்லை. தானாகச் சேர்ந்த உரிமையும் நிலையானதன்று. டொமைனின் குழுக் கொள்கை அவ்வுரிமைக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருந்தால், கொள்கை மீண்டும் நடைமுறையாகும்போது உள்ளூர்ச் சேர்க்கை அழிந்துவிடும். பாதுகாப்பு அமைப்புகள் மாற்றமின்றியே ஏறத்தாழ 16 மணி நேரத்திற்கு ஒருமுறை மீள நிறுவப்படுகின்றன. இன்று சீரான சேவை மறுநாள் மீண்டும் தொடங்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். திருத்தம் கொள்கையில்தான் செய்யப்பட வேண்டும்.

மற்றொன்று, சேவைகள் சாளரம் புதிய கடவுச்சொல் சரியானதா எனச் சோதிப்பதில்லை. தட்டச்சுப் பிழையுடன் அது ஏற்கப்பட்டபின், கண்காணிப்பு நிரல் சேவையை மீண்டும் மீண்டும் தொடங்க முயன்றால் கணக்கே பூட்டப்படலாம். அதே கணக்கைப் பகிரும் பிற சேவையகங்களில், கடவுச்சொல் சரியாக இருந்தும் சேவைகள் தொடங்கா.

தடுக்கும் வழி

விண்டோஸ் சர்வர் 2012 இல் அறிமுகமான குழு நிர்வகிப்புச் சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை, இயல்பாக 30 நாட்களுக்கு ஒருமுறை டொமைனே மாற்றுகிறது. எவரும் அதைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எல்லா மென்பொருள்களும் இதனை ஏற்பதில்லை. ஏற்காதவற்றுக்கு, கடவுச்சொல்லை மாற்றுமுன் அக்கணக்கில் இயங்கும் சேவைகளை எல்லாச் சேவையகங்களிலும் பவர்ஷெல் வழியே பட்டியலிட வேண்டும். மாற்றிய அன்றே, பணி குறைந்த நேரத்தில், அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தித் தொடங்கிப் பார்க்க வேண்டும்.