கூடைப்பந்து விதிகளை வகுக்கத் தக்கார் யார்?

மொழியில் இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னும் தோன்றுதல் இயல்பு என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். கூடைப்பந்தாட்டத்தின் வரலாறோ இதற்கு மாறானது. அங்கே இலக்கணம் முந்தியது, ஆட்டம் பிந்தியது. 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித், 13 விதிகளை எழுதி வைத்தார். அதன் பின்னரே அவருடைய மாணவர் 18 பேர், அணிக்கு ஒன்பதின்மராக நின்று, பழக்கூடைகளில் பந்தெறிந்து முதல் ஆட்டத்தை ஆடினர்.

அன்று விதி செய்தவர் ஒருவர். அதற்குக் கட்டுப்பட்டோர் ஒரு வகுப்பு மாணவர். இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளில் இவ்வாட்டம் ஆடப்படுகிறது. இதன் விதிகளை மாற்றும் உரிமை யாரிடம் இருத்தல் வேண்டும்?

இரு அதிகாரங்கள்

1932 ஜூன் 18ஆம் நாள் ஜெனீவாவில் எட்டு நாடுகள் கூடி அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தை நிறுவின. ஆட்டம் பிறந்த அமெரிக்கா அவ்வெட்டில் ஒன்றன்று. ஒலிம்பிக் போட்டியும் உலகக் கிண்ணப் போட்டியும் இச்சம்மேளனத்தின் விதிப்படியே நடைபெறுகின்றன. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரரின் தேசியக் கூடைப்பந்துச் சங்கமோ தனக்கெனத் தனி விதிநூல் வைத்துள்ளது. சம்மேளனத்தின் ஆட்டம் 40 நிமிடம்; அமெரிக்கச் சங்கத்தின் ஆட்டம் 48 நிமிடம். முன்னதில் ஐந்து தவறுகள் இழைத்த ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், பின்னதில் ஆறு. மூன்று புள்ளிக் கோடு முன்னதில் 6.75 மீட்டர் தொலைவில் உள்ளது. பின்னதில் பெரும்பகுதி 7.24 மீட்டர் தொலைவில் உள்ளது.

செல்வமும் திறமையும் மிக்க சங்கம் வகுத்ததையே உலகம் ஏற்றால் என்ன என்று வினவுவோர் உளர். அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. 1950 நவம்பர் 22 அன்று போர்ட் வெய்ன் அணி, வலிமை மிக்க மினியாபொலிஸ் அணிக்குப் பந்து கிட்டாதபடி அதனைத் தன் கையிலேயே வைத்துக் காலங்கடத்தி, 19–18 என்ற கணக்கில் வென்றது. பார்த்தோர் சலிப்புற்றனர். 1954இல் சிரக்கியூஸ் அணி உரிமையாளர் டேனி பயசோன் இதற்கு ஒரு வழி கண்டார். 48 நிமிடம் என்பது 2,880 வினாடி. நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை கூடையை நோக்கி எறியும். வகுத்தால் 24. ஆகவே 24 வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி பிறந்தது. சம்மேளனம் 1956இல் 30 வினாடி என்ற வரம்பை ஏற்று, 2000ஆம் ஆண்டில் 24க்கு வந்து சேர்ந்தது. மூன்று புள்ளிக் கோட்டையும் அமெரிக்கச் சங்கம் 1979இலும் சம்மேளனம் 1984இலும் ஏற்றன.

கட்டுப்படுவோர் குரல்

ஆயினும், நல்ல விதியைக் கண்டறிதல் வேறு; அதனை எல்லார்க்கும் ஆணையாக்குதல் வேறு. 30 அணிகளின் நலனையும் கட்டணம் செலுத்திப் பார்ப்போரின் விருப்பத்தையும் கருதி எழுதும் விதி, பள்ளித் திடலில் ஆடும் சிறுவனுக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. அமெரிக்கச் சங்கத்தில் அவனுக்காகப் பேசுவார் இலர். சம்மேளனப் பேரவையிலோ ஒவ்வொரு நாட்டுச் சங்கத்திற்கும் ஒரு வாக்கு உண்டு. அமெரிக்கச் சங்கத்தின் பெருவீரர்களும் 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் சம்மேளன விதிக்கு அடங்கியே ஆடினர்.

உலக அமைப்பு என்பதாலேயே அது பிழை செய்யாது என்பதன்று. பிறர்க்குக் காயம் நேரலாம் என்று கருதித் தலையில் எதுவும் அணிதலை அது தடுத்திருந்தது. அதனால் 2014இல் ஊகான் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய அணியின் சீக்கிய வீரர் இருவர் தலைப்பாகையைக் களைய நேர்ந்தது. அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் நாட்டுப் பெண்கள் முக்காட்டைக் களைய மறுத்து, ஆடாமலே விலகினர். விதி எழுதியோர் இவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது. 2017இல் விதி திருத்தப்பட்டு அவ்வாண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தம் தாமதமாகவே வந்தது. எனினும், கேட்பதற்கு ஓர் இடமேனும் இருந்தது.

மற்றொரு படிப்பினையும் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் 3 வினாடி எஞ்சியிருக்கையில் அமெரிக்கா 50–49 என முன்னின்றது. குழப்பத்தால் ஆட்டம் தடைப்பட்டபோது, சம்மேளனப் பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து, கடிகாரத்தை மீண்டும் 3 வினாடிக்குத் திருப்பச் சொன்னார். சோவியத் அணி 51–50 என வென்றது. மேல்முறையீட்டுக் குழு மூவர்க்கு இருவர் என்ற வாக்கில் அமெரிக்கரின் முறையீட்டைத் தள்ளியது. அமெரிக்க வீரர் வெள்ளிப் பதக்கத்தைப் பெறவேயில்லை. விதியைக் காப்பவரே நடுவரின் பணியில் கைவைத்தால், முடிவு சரியாயினும் நம்பிக்கை தங்காது.

எனவே, புதியன காண்பதற்குத் தொழில்முறைச் சங்கங்கள் சோதனைக் களமாக விளங்கட்டும். அவற்றை ஆராய்ந்து உலக விதியாக்கும் உரிமை, எல்லா நாடுகளும் அமர்ந்த பேரவைக்கு விடைகூறும் சம்மேளனத்திடமே இருத்தல் தகும். அச்சம்மேளனமும் தான் எழுதிய விதிக்குத் தானே முதலில் அடங்கி நடத்தல் வேண்டும்.